அடுப்பைத் தணிக்கும் உள்ளங்கை

பருப்பு வேகவைக்கும்போது ஒரு துளி விளக்கெண்ணெய் விடச் சொல்வாள் என் அம்மா. கூடவே ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். "எண்ணெய் விட்டாத்தான் பருப்பு சீக்கிரம் மலரும்" என்பது அவள் சொல்லும் காரணம். நாற்பது வருடமாக நானும் விடுகிறேன். அந்த எண்ணெயின் முக்கியமான வேலை வேறு என்று வெகு காலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பருப்பு கொதிக்கையில் அதன் புரதம் நுரைத்து மேலே வரும். எண்ணெய் அந்த நுரைக்குமிழிகளை உடைத்துவிடுகிறது. அதனால்தான் பொங்கி வழிவதில்லை, குக்கரின் துவாரமும் அடைத்துக்கொள்வதில்லை. அம்மா சொன்ன காரணம் ஒன்று, பாத்திரத்துக்குள் நடப்பது வேறொன்று. துளி எண்ணெய் என்னவோ சரிதான்.

கை ரிஃப்ளெக்சாலஜியைப் பற்றி எனக்குள்ள கருத்தும் இதுதான். உள்ளங்கையில் இந்த இடத்தில் கல்லீரல், இந்த இடத்தில் சிறுநீரகம் என்று வண்ணம் தீட்டி மாட்டியிருக்கும் படத்தை நான் நம்பவில்லை. ஆனால் ராத்திரி பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து, மேடையைத் துடைத்துவிட்டு, இரண்டு சொட்டு எண்ணெயோடு முக்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடம் கைகளை அமுக்கிவிட்டுக்கொள்ளாமல் நான் படுக்கப் போவதில்லை. பலன் கிடைக்கிறது. அதற்கான காரணம் அந்தப் படத்தில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதை எனக்கு நன்றாகப் பழக்கமான சமையலறையில் நின்றுகொண்டே சொல்லிப் பார்க்கிறேன்.

தேங்காயும் இருதயப் புள்ளியும்

எட்டு வருடத்துக்கு முன் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நான் அலைந்துகொண்டிருந்தேன். தோள்பட்டை கல்லாக இறுகிவிட்டது, தூக்கம் போய்விட்டது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு நிலையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் உருண்டை முனை கொண்ட ஒரு மரக்குச்சியால் என் இடது உள்ளங்கையில், மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே மேடாக இருக்கும் இடத்தில் அழுத்தினார். சுரீரென்றது. கையை இழுத்துக்கொண்டேன்.

"இது ஹார்ட் பாயின்ட் மேடம். அடைப்பு ஆரம்பிச்சிருக்கலாம். பதினஞ்சு சிட்டிங் எடுத்துக்குங்க, சரியாயிடும்."

அன்று ராத்திரி முழுக்க இருட்டில் என் நெஞ்சுத்துடிப்பை எண்ணிக்கொண்டு கிடந்தேன். மறுநாள் காலையில் ஈசிஜி, எக்கோ. ஒன்றுமில்லை. அங்கிருந்த டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். என் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். மேட்டுப் பகுதியில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தோல் சிவந்து கன்றியிருந்தது. "நேத்து முந்தாநாள் கையால என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாத்தனார் மகளின் வளைகாப்புக்காக 16 தேங்காய் துருவியிருந்தேன், அதாவது 32 மூடி. எங்கள் வீட்டுத் துருவி மேடையில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றும் வகை. வலது கை சுற்றும்போது இடது உள்ளங்கையின் அந்த மேடுதான் ஓட்டைத் தாங்கிப் பல்லின் மேல் அழுத்திப் பிடித்திருக்கும். வலித்தது என் இருதயமே இல்லை, 32 தேங்காய்மூடி.

மன உளைச்சல் தீரப் போனவளுக்குப் புதிதாக ஒரு பயத்தைக் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசமானது. நெஞ்சை அழுத்துவது போலிருந்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் உள்ளங்கையில் எந்தப் புள்ளியையும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

படம் எங்கிருந்து வந்தது

அந்தப் படத்துக்குப் பழம்பெரும் வரலாறு ஒன்றும் கிடையாது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்தவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட். விரல்களை அழுத்திப் பிடித்தால் முகத்திலும் தொண்டையிலும் வலி மட்டுப்படுவதாக அவர் கவனித்தார். உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பத்து நீளப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையும் ஒரு விரலில் முடிகிறது என்றார். எட்வின் பவர்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1917இல் இதைப் புத்தகமாகவும் போட்டார். அவர் பயன்படுத்திய கருவிகள் வீட்டில் கிடப்பவைதான். துணி காயப்போடும் கிளிப், ரப்பர் பேண்ட், சீப்பு. 1930களில் யூனிஸ் இங்காம் என்ற பெண்மணி அந்தப் பட்டைகளுக்குள் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் குறித்து, முக்கியமாகப் பாதத்துக்கு, இன்று நாம் பார்க்கும் படத்தை உருவாக்கினார். கைப்படம் அதன் தங்கை.

கொரியாவிலும் ஒரு கைப்படம் உண்டு. 1970களில் யூ டே-வூ என்பவர் உருவாக்கியது. அமெரிக்கப் படத்தில் தலை பெருவிரலில் இருக்கும். கொரியப் படத்தில் அது நடுவிரல் நுனியில் இருக்கும், பெருவிரல் அங்கே கால். ஒரே அஞ்சறைப்பெட்டிக்கு இரண்டு பேர் வந்து, ஒருவர் சீரகம் என்று சீட்டு ஒட்டிய கிண்ணத்தில் மற்றவர் வெந்தயம் என்று ஒட்டிவிட்டுப் போன மாதிரி. இருவரும் தங்கள் முறையில் பலன் கண்டதாகச் சொல்கிறார்கள் என்றால், பலன் சீட்டிலிருந்து வரவில்லை என்றுதான் அர்த்தம். 2009இல் எட்சர்ட் எர்ன்ஸ்ட் என்ற ஆய்வாளர் ரிஃப்ளெக்சாலஜி பற்றிய 18 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். எந்த நோயையும் அது குணமாக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றே முடித்தார்.

நம் வர்மம் வேறு மரபு, சீனத்து அக்குபிரஷரும் வேறு மரபு. அவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடலாம். கை இருக்கிறது. எல்லாச் சரக்கும் அதில்தான் இருக்கிறது.

தோலுக்குள் ஒரு வெங்காயம்

சின்ன வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் வட்டத்துக்குள் வட்டமாக ஏடுகள் தெரியும். கிட்டத்தட்ட அப்படியே ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் உங்கள் உள்ளங்கைத் தோலுக்கு அடியிலும் விரல்களிலும் நூற்றுக்கணக்கில் குட்டி வெங்காயங்கள் புதைந்து கிடக்கின்றன. 1830களில் இத்தாலியின் பிஸ்டோயா ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பிலிப்போ பாசினி என்ற மாணவர் கையை அறுத்துப் பார்க்கும்போது இவற்றை வெறுங்கண்ணாலேயே கண்டார். அவர் பெயரில்தான் பாசினித் துகள் என்கிறார்கள். ஏடு ஏடாக இருக்கும் வெங்காயத்தின் நடுவில் ஒரே ஒரு நரம்பு நுனி இருக்கும்.

அந்த ஏடுகள் சும்மா இல்லை. நீங்கள் அழுத்தியதும் நடுவில் இருக்கும் நரம்பு துள்ளும். அழுத்திக்கொண்டே இருந்தால் ஏடுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும், நரம்பு அமைதியாகிவிடும். விரலை எடுத்தால் மறுபடி துள்ளும். 1960களில் ஆய்வுக்கூடத்தில் வெங்காயம் உரிப்பது போலவே இந்த ஏடுகளை உரித்து எடுத்துவிட்டு அழுத்திப் பார்த்தார்கள். உரித்த பிறகு நரம்பு அவ்வளவு சட்டென்று அடங்கவில்லை. ஏடுகள்தான் அதை அடக்கி வைத்திருந்தன என்பது தெரிந்துபோனது. காலையில் போட்ட வளையல் மத்தியானம் கையில் இருப்பதே தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கை அமுக்குவதற்கு இதிலிருந்து ஒரு நேரான பாடம் கிடைக்கிறது. ஒரே இடத்தில் குச்சியை ஊன்றி ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அழுத்த வேண்டும், விட வேண்டும், லேசாகச் சுழற்ற வேண்டும், நகர வேண்டும். மாற்றம் இருந்தால்தான் வெங்காயம் பேசும்.

தோலில் இது ஒன்று மட்டும் இல்லை. விளிம்பை உணர்வது, வழுக்குவதை உணர்வது, தோல் இழுபடுவதை உணர்வது என்று வேறு மூன்று வகையும் உண்டு. சுவீடனில் ஊமியோ நகரத்தைச் சேர்ந்த யோஹான்சன், வால்போ என்ற இருவர் 1979இல் இவற்றைக் கணக்கெடுத்தார்கள். ஒரு கையின் உட்புறத்தில் மட்டும் ஏறத்தாழ 17,000 நரம்பிழைகள். விரல் நுனியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 240 போல, உள்ளங்கையில் 58 போல. உளுந்தில் கிடக்கும் கல்லை, சாதத்தின் பதத்தை, கண்ணை மூடிக்கொண்டே விரல் கண்டுபிடிப்பது இந்த அடர்த்தியால்தான்.

இத்தனை பேச்சும் போய்ச் சேரும் இடம் மூளை. அங்கே தொடு உணர்வுக்கென்று ஒரு பட்டை இருக்கிறது. 1930களில் கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுக் கேட்டு அந்தப் பட்டையை வரைந்தார். அதை அஞ்சறைப்பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். முதுகு எவ்வளவு பெரிது, அதற்கு ஒரு சின்னக் கிண்ணம். கைக்கும் உதட்டுக்கும் பெரிய பெரிய கிண்ணங்கள். முதுகைத் தேய்ப்பதை விடக் கையைத் தேய்க்கும்போது மூளைக்குள் அதிக இடம் விழித்துக்கொள்கிறது. கவலையில் சுற்றிக்கொண்டிருக்கும் மனதைத் திருப்பிக் கூப்பிட இதைவிடப் பெரிய வாசல் உடம்பில் அதிகம் இல்லை.

கடுகும் தோசைக்கல்லும்

மன அழுத்தம் என்று நாம் சொல்வது உடம்பில் இரண்டு வேகத்தில் நடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வருகிறது, பிள்ளைக்கு அடிபட்டுவிட்டது. அந்த நொடியே அட்ரினலின் பாய்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது. இது காய்ந்த எண்ணெயில் விழுந்த கடுகு. உடனே வெடிக்கும், சீக்கிரமே அடங்கும்.

அடுத்தது கார்ட்டிசால். இது தோசைக்கல். சூடேற நேரம் எடுக்கும், உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். அதன்பின் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, முழங்காலில் சிராய்ப்புதான் என்று தெரிந்து அடுப்பை அணைத்துவிட்டாலும் கல் உடனே ஆறாது. ஒரு மணி நேரத்துக்கு மேலும் சூடு நிற்கும். "எல்லாம் சரியாப்போச்சே, இன்னும் ஏன் எரிஞ்சு விழுறே" என்று வீட்டில் கேட்பார்கள். கல் இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான். ஆறுவதற்குள் அடுத்த போன், அடுத்த கவலை. ஆறாத கல்லில் மாவு ஊற்றிக்கொண்டே இருந்தால் தோசை கருகத்தான் செய்யும்.

கை சில்லிடுவதற்கும் காரணம் உண்டு. மாடியில் குளியலறைக் குழாயைத் திறந்தால் கீழே சமையலறைக் குழாயில் தண்ணீர் நூலாகிவிடும் இல்லையா? ஆபத்து என்று உடம்பு நினைத்ததும் தொடைத் தசைகளுக்கு ரத்தம் வேண்டும் என்று தோலின் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரல்கள் குளிர்ந்துபோகின்றன. பத்து நிமிடம் அமுக்கிய பின் விரல்கள் கதகதப்பானால் அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். குழாயில் தண்ணீர் திரும்ப வருகிறது. அதைவிடக் கண்கூடான அறிகுறி நம்மிடம் வேறில்லை.

வலிக்கு வேறொரு கணக்கு. சூடான கரண்டி பட்டால் கையை உதறி, பட்ட இடத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். யாரும் சொல்லித்தரவில்லை. 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதற்கொரு விளக்கம் சொன்னார்கள். தொடுதலைச் சொல்லும் நரம்புகள் தடிமனானவை, வேகமானவை. வலியைச் சொல்பவை மெல்லியவை. இரண்டும் முதுகுத்தண்டில் ஒரு வாசலைக் கடந்துதான் மேலே போக வேண்டும். தொடுதல் நிறைய வந்தால் வலி அந்த வாசலில் மட்டுப்படுகிறது. மிக்ஸி ஓடும்போது வாசல்மணி கேட்காத மாதிரி. மணி அடிக்கத்தான் செய்கிறது, அடிப்பவரும் நிற்கத்தான் செய்கிறார். அதனால்தான் அமுக்கியதும் வலி குறைகிறது, அதனால்தான் வலிக்கான மூலம் அப்படியே இருக்கிறது. ஃபிட்ஸ்ஜெரால்ட் கவனித்த வலிக்குறைவுக்கு இதில் பங்கிருக்கலாம் என்பது என் எண்ணம்.

உறைமோர்

அடுப்பை சிம்மில் வைக்கும் குமிழ் ஒன்று உடம்பில் இருக்கிறது. வேகஸ் நரம்பு என்று பெயர். மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இருதயத்துக்கும் குடலுக்கும் போகிறது. இருதயத்தை அது எப்படித் தணிக்கிறது என்பதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு ராத்திரியும் பாலுக்கு உறை ஊற்றும்போது அது நினைவுக்கு வரும்.

1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்துத் தனித்தனியே உப்புநீரில் துடிக்கவிட்டார். முதல் இருதயத்தில் மட்டும் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு மெதுவானது. அந்த இருதயம் கிடந்த நீரை எடுத்து இரண்டாவதன் மேல் விட்டார். அதன் நரம்பை யாரும் தொடவில்லை. ஆனாலும் அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு சரக்கை நீரில் கரைத்துவிட்டிருக்கிறது! நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விட்டால் அந்தப் பாலும் தயிராவது போல, ஒரு பாத்திரத்தின் அமைதி அடுத்த பாத்திரத்துக்குப் போனது. அந்தச் சரக்கின் பெயர் அசிட்டைல்கோலின். இந்தச் சோதனையைச் செய்யும் வழி கனவில் வந்ததாக லோவியே சொல்லியிருக்கிறார். 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் குமிழை நாம் எப்படித் திருப்புவது? ஒரு வழி மூச்சு. இப்போதே மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே நாடியில் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும், நீளமாக விடும்போது மெதுவாகும். வேகஸ் வேலை செய்வதை விரல் நுனியிலேயே உணரலாம். இன்னொரு வழி நிதானமான அழுத்தம். அமெரிக்காவின் மயாமியில் டிஃபனி ஃபீல்டு என்பவரும் அவருடன் இருந்தவர்களும் இதை அளந்து பார்த்தார்கள். நடுத்தர அழுத்தத்தோடு பிடித்துவிட்டால் வேகஸ் முந்திக்கொண்டு இருதயத்துடிப்பு தணிகிறது. கூசும்படி மேலாகத் தடவினால் நேர்மாறாக உடம்பு உஷாராகிறது. கூச்சம் தணிக்காது என்பதற்கு அளவை தேவையில்லை, குழந்தை வளர்த்தவர்களுக்கே தெரியும்.

பத்து நிமிடம்

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சைமிளகாய் நறுக்கிய கையென்றால் இரண்டு தடவை. வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தால் நல்லது. பிறகு இரண்டே சொட்டு எண்ணெய், நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ எது இருக்கிறதோ அது. தோசைக்கல்லில் வெங்காயப் பாதியால் தடவுவோமே, அந்த அளவுதான். வழிந்தால் விரல் வழுக்கும், அழுத்தம் இறங்காது. எண்ணெய்க்கு இன்னொரு பெரிய உபகாரம் உண்டு. எண்ணெய்க் கையால் போனைத் தொட முடியாது. நாள் முழுக்க என் கைகளுக்குக் கிடைக்காத ஓய்வை அந்த இரண்டு சொட்டுதான் வாங்கித் தருகிறது.

புறங்கையில் ஆரம்பிக்கிறேன். மற்ற கையின் உள்ளங்கையை முழுசாகப் படியவைத்து, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் முட்டிவரை நீவ வேண்டும், ஒரு நீவலுக்கு மூன்று நொடி. ஏன் மூன்று? ரோமமுள்ள தோலில், புறங்கை அதில் சேர்த்தி, மெதுவான தடவலுக்கென்றே தனி நரம்புகள் இருக்கின்றன. நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் போல நகரும், உடம்புச் சூடுள்ள கைதான் அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சுவீடன் ஆய்வுகள் காட்டின. குழந்தையின் முதுகை நாம் நம்மையறியாமல் வருடும் வேகம் அதே பக்கத்தில்தான் இருக்கும்.

அடுத்தது பெருவிரல் அடியில் இருக்கும் சதைமேடு. நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம் இதுதான். விரல்களுக்குள் தசையே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, நீள நாண்களால் இழுக்கின்றன. ஆனால் பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் தசைகள் இந்த மேட்டிலேயே இருக்கின்றன. கத்தி பிடித்தது, பூரிக்கட்டை உருட்டியது, துணி பிழிந்தது, போனில் தட்டியது எல்லாம் இங்கே சேர்ந்துகிடக்கும். மற்ற கைப் பெருவிரலை மேட்டின் ஓரத்தில் வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே அழுத்தி, சின்ன வட்டமாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, விட்டு, ஒரு விரல் அகலம் நகருங்கள். இறுகிய இடம் கிடைத்தால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசைந்த உடனே இழுத்தால் சுருங்கும், ஈரத்துணி போட்டுக் கால்மணி மூடிவைத்தால் தானாக விரியும். நகர்ந்து போய்விட்டுத் திரும்பி வாருங்கள், இரண்டாம் தடவை அதே இடம் இளகியிருக்கும். வலி என்பது இங்கே அளவுகோல் அல்ல. "நல்லா இருக்கு" என்று முனகும் அழுத்தம் போதும், முகம் சுளித்தால் அதிகம்.

பிறகு உள்ளங்கையின் நடுக்குழி. ரிஃப்ளெக்சாலஜிப் படம் இதை சோலார் பிளெக்சஸ் என்று குறித்து, மன அமைதிக்கான இடம் என்கிறது. பெயரை விட்டுவிட்டு இடத்தை எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிது. அங்கே பெருவிரல் வாகாக உட்காரும், கை தளர்ந்து மடங்கும், மூச்சோடு சேர்த்து அழுத்த வசதி. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். விடும்போது அழுத்தம், இழுக்கும்போது தளர்வு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். இரண்டு நிமிடம்.

விரல்களுக்கு உருவிவிடுவது போதும். அடியிலிருந்து நுனிவரை சுற்றிப் பிடித்து, முருங்கைக்காயைச் சாப்பிடும்போது சதையை உருவுவோமே, அந்த நிதானத்தில். நுனியில் நகத்தின் இரு பக்கமும் லேசாக ஒரு பிடி. சொடக்கு எடுப்பது அவரவர் இஷ்டம்.

மணிக்கட்டில் ஒரு இடம் மட்டும் சீட்டு ஒட்டியதற்கு நியாயம் செய்திருக்கிறது. உட்புற மடிப்புக் கோட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு நாண்களுக்கு நடுவே இருக்கும் அக்குபிரஷர் புள்ளி. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலை இது குறைக்கிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்த கோக்ரேன் மதிப்பீடே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மலைப்பாதைப் பேருந்தில் நான் இதைப் பிடித்துக்கொண்டுதான் போவேன்.

சிலருக்கு இதெல்லாம் பொருந்தாது, அதையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரையால் கை மரத்திருப்பவர்களுக்கு அழுத்தத்தின் அளவு தெரியாது, நீவுவதோடு நிறுத்துங்கள். வீங்கிச் சிவந்த மூட்டு, புண், தீக்காயம் இருந்தால் தொட வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையை டாக்டரைக் கேட்காமல் பிசையக் கூடாது. கர்ப்பிணிகள் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுச் சதையை அழுத்த வேண்டாம் என்று அக்குபிரஷர் மரபே சொல்கிறது. ராத்திரியில் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் எரிந்து மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதா என்று காட்டிப் பாருங்கள். பிரஷர் மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள்.

சமைத்தவளுக்கு ருசிக்காது

நாள் முழுக்க அடுப்படியில் நின்றவளுக்குத் தன் சமையல் ருசிக்காது. அதே சாம்பாரைப் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் கொடுத்தனுப்பினால் இரண்டு தடவை ஊற்றிக்கொள்வாள். தொடுதலிலும் இப்படித்தான். நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. நம் கை நம்மைத் தொடப்போவது மூளைக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் அந்த உணர்வை அது குறைத்துக்கொள்கிறது என்று 1998இல் லண்டனில் மூளையைப் படமெடுத்துக் காட்டினார்கள். அதனால் தன் கையைத் தானே அமுக்கிக்கொள்வது அரைச் சாப்பாடுதான். பசிக்கு அரைச் சாப்பாடு பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் இன்னொருவர் இருந்தால் மாற்றி மாற்றிச் செய்துகொள்ளுங்கள். "கை பிடிச்சுவிடு" என்று கேட்பதற்குத் தமிழில் ஒரு சொல் காலகாலமாக இருக்கிறது. ரிஃப்ளெக்சாலஜி என்ற பெயர் வருவதற்கு வெகு முன்பே நம் வீடுகளில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்கக் கூச்சப்படுகிற வயதில் இருப்பவர்களிடம்தான் நாமே போய் உட்கார வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது 84. ராத்திரி ஒன்பதரைக்குக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் வலது கையை என் மடியில் எடுத்துக்கொள்வேன். தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது, கன்றிவிடுமோ என்று பயமாக இருக்கும், அதனால் நீவல் மட்டும்தான். மோதிரவிரலில் அறுபது வருடம் மோதிரம் கிடந்த பள்ளம் இருக்கிறது, மோதிரத்தைக் கழற்றியும் பள்ளம் போகவில்லை. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அருவாமனை போட்ட பழைய தழும்பு, அதன்மேல் என் பெருவிரல் போகும்போதெல்லாம் லேசாக ஏறி இறங்கும். "ஏன்டி, நாளைக்குப் பருப்பு ஊறப்போட்டியா?" என்று ஆரம்பிப்பாள். பதில் சொல்வதற்குள் விரல்கள் ஒவ்வொன்றாக என் கைக்குள் கனக்க ஆரம்பிக்கும். மூச்சு நீளும். சுண்டுவிரல் வரை முடித்துவிட்டு, தூங்கிவிட்டாளா என்று பார்க்காமலே, மெதுவாக இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.